நாலரை மணிக்குக் கூப்பிடுவார்கள்

கதவுக்குத் தாழ் போடவில்லை, சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறார்கள், காற்றடித்தால் ஒரு விரல் அளவு திறந்து மறுபடி மூடிக்கொள்கிறது, அந்த ஒரு விரல் இடைவெளியில் என் மனைவி மெட்டில்டாவின் குரல் வருகிறதா என்று ஐம்பது நிமிடமாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அழுகிறாளா என்றும் தெரியவில்லை. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடி ஓடி நிற்கிறது, அது நிற்கிற நேரமாகப் பார்த்து உள்ளே இவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். இது நாலாவது மாதம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவளை வண்டியில் கொண்டுவந்து இந்த மடத்து வாசலில் இறக்கிவிடுவேன், ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போவேன், நடுவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ, ஒரு பேப்பர். இன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. போன மாதம் சிஸ்டர் ரெமி கேட் வரைக்கும் கூடவே வந்து, "அடுத்த தடவை கடைசி அரை மணி நேரம் நீங்களும் உள்ளே வந்து உட்காரலாம், தனிஸ்லாஸ். கட்டாயம் இல்லை. நாலரைக்குக் கூப்பிடுறேன், வர்றதா இருந்தா வாங்க" என்றார். கட்டாயம் என்று சொல்லியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். மெட்டில்டா வண்டியில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்தாள், வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஒரு பார்வைக்கே ஒரு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. சுவரில் கடிகாரம் நாலு அடிக்கப் பத்து நிமிடம் காட்டுகிறது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.

மூன்று தடவை வந்துபோன பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் என்ன சொன்னாலும் தலையாட்டுறாங்க. ஒரு தடவைகூட அவங்க கண்ணு பெருசாகல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பதினைந்து வயதுப் பிள்ளை, அவளுக்கு எதுவும் தெரியாது, அம்மாவுக்கு ரத்தசோகை, அதற்காக சிஸ்டரிடம் மருந்து வாங்கப் போகிறாள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவும் நான் சொன்ன பொய்தான். எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, பதற்றத்தில் அதுதான் முதலில் வாய்க்கு வருகிறது, பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோவில் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை முதலில் பார்த்தவனும் நான்தான். கருக்கலைப்புக்குப் பிறகு மனவேதனையில் இருப்பவர்கள் வரலாம், பெயர் கேட்க மாட்டோம், குற்றம் சாட்ட மாட்டோம், ஆண்டவரின் இரக்கம் எல்லோருக்கும் உண்டு என்று போட்டு, கீழே ஒரு போன் நம்பர். படித்துவிட்டு, மெட்டில்டா பார்த்துவிடக் கூடாதே என்று அவளைப் பக்கவாட்டு வாசல் வழியாக அழைத்துப்போனேன். ஆனால் அடுத்த வாரமே பார்த்துவிட்டாள். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள், வீட்டில் அந்தக் கையை விரித்துக் காட்டி, "நான் போகட்டுமா?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் அந்த விஷயத்துக்கு அவள் பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். போ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

பதினோரு வருஷமாக அவள் நற்கருணை வாங்குவதில்லை. ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையாகப் பீடத்துக்குப் போகும்போது அவள் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பெண்கள் முதலில் கவனித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நான் போவேன். கையை நீட்டி வாங்கி நாக்கில் வைத்துத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் மண்டியிடுவேன். நான் கொன்றுவிட்டேன், எனக்குத் தகுதியில்லை என்று உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு மண்டியிடுவேன். ஆரம்பத்தில் சில ஞாயிறுகள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. நின்றுபோனதுதான் இப்போது பயமாக இருக்கிறது. மெஷின் மறுபடி ஓடுகிறது. உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள், கூப்பிடத்தான் எழுந்தார்களோ, இல்லை, தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அவள் தண்ணீர் கேட்டிருக்கிறாள். என்ன சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்? ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லியிருப்பாளா, சொன்னால் எப்படிச் சொல்லியிருப்பாள், டாக்டரே சொல்லிட்டாங்க சிஸ்டர், புள்ளைக்கு மூளை வளராதாம், எங்க வீட்டுக்காரர் அழுதுட்டே வந்து சொன்னார், அப்படித்தான் சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரிந்தது அதுதான், நான் அழுததும் உண்மைதான்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இதை எனக்குள்கூட இவ்வளவு நேராகச் சொல்லிப் பார்த்ததில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாவது வாரம், மெட்டில்டா வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள், அந்தச் சின்னவயசு டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, திரையில் பேனாவால் ஒரு இடத்தைக் காட்டி, "தலையில சின்ன நீர்க்கட்டி மாதிரி ஒண்ணு தெரியுதுங்க. பெரும்பாலும் தானாவே கரைஞ்சிடும். பயப்படாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. இவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் என் காதில் விழுந்தது தலையில் என்பது மட்டும். தலையில் என்றதும் இன்னாசி வந்து நின்றுவிட்டான், என் அண்ணன், இருபத்தாறு வயதில் செத்துப்போனவன், வாயோரம் எச்சில் ஒழுக, கழுத்தில் அம்மா கட்டிவிட்ட துண்டோடு, அந்த ஸ்கேன் அறையில், மெஷினுக்கும் எனக்கும் நடுவில்.

இன்னாசிக்குப் பேச்சு கிடையாது, நடை கிடையாது, கோவில் மணி அடித்தால் மட்டும் சிரிப்பான். அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவது பத்து வயதிலிருந்து என் வேலை, அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. அவன் என்னைவிட ஆறு வயது பெரியவன், அவனுக்கு மீசை முளைத்தபோது சவரம் செய்துவிட்டதும் நான்தான், தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான், கன்னத்தில் வெட்டுப்பட்டுவிடும், அழமாட்டான், என்னைப் பார்ப்பான். பள்ளிக்கூடத்து நண்பர்களை ஒருநாளும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. ஒருநாள் ஒருத்தன் தானாக வந்து நின்று, உள்ளே இருப்பது யார் என்று கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னேன். இன்னாசி உள்ளேயிருந்து என் குரலைக் கேட்டுச் சத்தம் போட்டான், அவனுக்கு என் குரல் தெரியும். அவன் செத்த அன்றைக்கு எல்லோரும் அம்மாவிடம், போகட்டும், உனக்கு விடுதலை என்றார்கள். அம்மா வாசலில் போய் உட்கார்ந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு விடுதலையாகத்தான் இருந்தது. சவப்பெட்டியை ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நடந்தபோது, கனம் குறைந்துவிட்டது, இனி காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்று மனதில் ஒன்று ஓடியது, உடனே அதை மிதித்து அமுக்கினேன். இனி என் வாழ்க்கையில் இப்படி ஒன்று வேண்டாம் என்று அப்போது நான் கேட்டதை ஜெபம் என்று சொல்லலாமா? அதற்குப் பதில் வந்ததாகத்தான் நானே நினைத்துக்கொண்டேனா அந்த ஸ்கேன் அறையில்? ரெண்டு வாரம் காத்திருந்தால் இருபத்தொன்றாவது வாரம். அந்தக் காலத்துச் சட்டப்படி இருபது வாரம் தாண்டிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் தொடமாட்டார்கள். காத்திருந்து, கரையாமல் இருந்துவிட்டால்? வெளியே வந்த மெட்டில்டா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்னங்க சொன்னாங்க?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது, அவள் அதைப் படிக்கக் கேட்கவில்லை, என் தலையைத்தான் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

போன் அடிக்கிறது. செக்‌ஷன் ஆபீஸிலிருந்து கூட வேலை பார்க்கிற முனியசாமி. "அண்ணே, மார்க்கெட் ஃபீடர் லைன் நின்னுபோச்சு, கடைத்தெரு முழுக்கக் கரண்ட் இல்ல, ஃபால்ட் எங்கன்னு பிடிபடல, இன்ஜினியர் உங்களைக் கேக்குறாரு, ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போயிடுங்களேன்." நான் எழுந்து நின்றுவிட்டேன். கால் தானாக வண்டியை நோக்கி ரெண்டு எட்டு வைத்துவிட்டது. மின்வாரியத்தில் இருபது வருஷ வேலை, அந்த லைனில் எந்தக் கம்பத்தில் பீங்கான் விரிசல் விட்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், போனால் வேலை சீக்கிரம் முடிந்தாலும் ஐந்தரை ஆக்கிவிடலாம், சிஸ்டர் புரிந்துகொள்வார், மெட்டில்டாவும் ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் எப்போதும் ஒன்றும் சொல்லமாட்டாள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் வேறு ஒரு லைன் நிற்காமலா போகும். கருவைக் கலைத்த அந்த நர்சிங் ஹோமிலும் இப்படித்தான் அவசரம் காட்டினேன். அங்கே இருந்த வயதான டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு ஸ்கேன் பார்க்கச் சொல்லலையா?" என்று கேட்டார். "பார்த்தாச்சு சார், உறுதியாச் சொல்லிட்டாங்க" என்றேன். ரெண்டாவது பொய், முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. மெட்டில்டா கையெழுத்துப் போட்டாள். போடும்போது பேனாவைப் பிடித்தபடி, "நான் பாத்துக்குவேங்க, எப்படி இருந்தாலும் நான் பாத்துக்குவேன்" என்றாள். எனக்குக் காது கேட்காத மாதிரி நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னாசியை நான் பார்த்துக்கொண்ட கதை எனக்குத்தானே தெரியும், இவளுக்கு என்ன தெரியும் என்று எரிச்சல்கூட வந்தது. "முனியசாமி, நான் லீவு. வரமாட்டேன்." "அண்ணே, இன்ஜினியர் கோபப்படுவாரு." "படட்டும்." போனை அணைத்துப் பையில் போட்டேன். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நாலு இருபது. எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஆரம்பிக்கலாம். இல்லை, தெரிந்துதான் செய்தேன். டாக்டர் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லலாம். புரிந்தது, நல்ல தமிழில்தான் சொன்னார். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம், அதைச் சொன்னால் சிஸ்டருக்கு முதல்முறையாகக் கண் பெருசாகும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வெளியூர்க் கோவிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், முன்பின் தெரியாத சாமியார், வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தார். "சாமி, என் மனைவி கருவைக் கலைச்சிட்டா, நான் தடுக்கல" என்றேன். ஆண்டவர் முன்னால் மண்டியிட்டுப் பழியை அவள் தலையில் வைத்தேன். அந்தச் சாமியார் பாவம், என்னைக் குரலால் தடவிக்கொடுத்து, மனைவியிடம் அன்பாக இருங்கள் என்று சொல்லிப் பரிகாரம் கொடுத்து அனுப்பினார். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது யாருக்குக் கொடுத்த மன்னிப்பு? தடுக்காமல் சும்மா நின்றவன் என்று நான் சொன்ன அந்த ஆள் இந்த உலகத்தில் இல்லையே. சொல்லாவிட்டால் என்ன? உள்ளே போய் உட்கார்ந்து, சிஸ்டர் வாசிக்கிற வேத வசனத்தைக் கேட்டு, ஆமென் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அவள் தேறிக்கொண்டுதானே இருக்கிறாள். போன வாரம் இரண்டு முறை சிரித்தாள். இப்போது போய் இதைச் சொன்னால் அந்தச் சிரிப்பும் போய்விடும், அவளுக்காகவாவது சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே தெரிகிறது, இது மூன்றாவது பொய், அழகாக உடுத்திக்கொண்டு வருகிறது. அவள் உள்ளே எதற்காக அழுகிறாள்? தான் செய்ததற்காக. அவளுக்கு ஆறுதல் சொல்கிற சிஸ்டரும் எதற்காக ஆறுதல் சொல்கிறார்? அவள் செய்ததற்காக. காயம் ஒரு இடத்தில் இருக்க வேறு இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருக்கிறார்கள், அதை அறிந்தவன் நான் ஒருத்தன், வெளியே பெஞ்சில்.

கதவு திறந்தது. "வர்றீங்களா, தனிஸ்லாஸ்?" சிஸ்டர் ரெமி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், குள்ளமான உருவம், அறுபது வயதிருக்கும், கன்னத்தில் கண்ணாடி அழுத்திய தழும்பு. எழுந்து போனேன். சின்ன அறை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையில் விரித்து வைத்த வேதாகமம், எரிகிற மெழுகுதிரி. மெட்டில்டா என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள், அவள் கண்கள் வீங்கியிருந்தன, முகம் மட்டும் லேசாக இருந்தது, நீண்ட காய்ச்சல் விட்ட முகம் மாதிரி. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சிஸ்டர், "இன்னைக்கு மெட்டில்டா உங்களுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லணும்னாங்க" என்றார். மெட்டில்டா என் முழங்காலில் கை வைத்தாள். "உங்க அண்ணனைப் பாத்துக்கிட்டு நீங்க பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் இன்னும் கொஞ்சம் திடமா நின்னிருக்கணும். உங்க பயத்தையும் சேர்த்து நான் தாங்கியிருக்கணும். நான்தான் விட்டுட்டேன். என்னை மன்னிச்சுக்கோங்க." அந்தக் கையின் சூடு பேண்ட்டைத் தாண்டி இறங்குகிறது. அவள் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம். அப்போது எதை எப்படிச் சொல்வது என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட இல்லை. "டாக்டர் ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "என்ன?" என்றாள். "கட்டி தானா கரைஞ்சிடும்னாங்க. பயப்படாதீங்கன்னாங்க. மூளை வளராதுன்னு யாரும் சொல்லல. நான் சொன்னேன்."

கை முழங்காலிலேயே இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அடுத்தவர் பொருளைத் தெரியாமல் எடுத்துவிட்டவள் போல. "திரும்பச் சொல்லுங்க" என்றாள் மெட்டில்டா. சொன்னேன். "அந்த டாக்டரம்மா எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லுங்க." சொன்னேன், பேனாவால் திரையைக் காட்டியது, பெரும்பாலும் என்ற வார்த்தை, எல்லாம். "பெரும்பாலும்னு சொன்னாங்களா?" "ஆமா." "அந்த நர்சிங் ஹோம் பெரிய டாக்டர் கேக்கலையா?" "கேட்டார். அவர்கிட்டயும் பொய் சொன்னேன்." அவள் அழுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று எல்லாவற்றுக்கும் உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, "பதினோரு வருசம் நான் என்னை மட்டும்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்" என்றாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது, வயிற்றிலிருந்து, நர்சிங் ஹோமில் மயக்கம் தெளிந்தபோதுகூட அவள் அழாத அழுகை. நான் அறியாமல் கையை நீட்டினேன். "வேண்டாம்" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், வெளியே இருங்கள் என்று. அப்போதும் அவர் கண் பெருசாகவில்லை.

மறுபடி பெஞ்ச். தையல் அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. சிஸ்டர் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சிஸ்டர், அவ என்னை மன்னிப்பாளா?" "அதை இன்னைக்கு அவங்ககிட்ட நான் கேக்கமாட்டேன். நீங்களும் கேக்காதீங்க." "ஆண்டவர்?" அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "ஆண்டவர் மன்னிக்கிறதை வச்சு அவங்களை அவசரப்படுத்தக் கூடாது, தம்பி. உங்களுக்கும் ஒரு சாமியார்கிட்ட நேராப் பேச வேண்டியது இருக்கு. அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன். இப்பச் சொன்ன மாதிரியே அங்கேயும் சொல்லுங்க." "நான் செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்வதற்கு வைத்த மாதிரி இல்லை, நான் பெஞ்சிலிருந்து விழுந்துவிடாமல் பிடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது, அந்த ஸ்கேன் அறை வாசலில் அழுததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இதில் யாரையும் எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை.

மெட்டில்டா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "நான் நடந்து வர்றேன்" என்றாள். வீடு மூன்று கிலோமீட்டர். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சனிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம், கரண்ட் இல்லாத கடைகளில் ஜெனரேட்டர் சத்தம், அவள் பத்தடி முன்னால், நான் வெயிலில் காய்ந்த சீட்டில் கை வைத்தபடி. இனி வீட்டில் எப்படி இருக்கும், ஒரே கூரையின் கீழ் இருப்போமா, ஷெரின் என்ன ஆவாள், இதையெல்லாம் நினைக்க ஆரம்பித்தால் எதுவும் முழுதாக நிற்கவில்லை, அவள் செருப்பு தரையில் படுவது மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது, வலது செருப்பின் வார் தேய்ந்திருக்கிறது. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதாயிற்று, ஒரு கை தூரத்தில், சைக்கிளும் ஆட்டோவும் சுற்றி நெருக்க. அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் பேசினாள். "போன மாசம் சிஸ்டர் புள்ளைக்குப் பேர் வைக்கச் சொன்னாங்க. வச்சுட்டேன்." நான் அவள் பக்கம் திரும்பினேன். "இன்னைக்கு உங்ககிட்ட சொல்லமாட்டேன்." ரயில் வந்தது, சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக நீண்ட நேரம் போனது, அந்தச் சத்தத்தில் நான் சரி என்று சொன்னது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. கேட் ஏறியது. அவள் நடந்தாள். நான் வண்டியைத் தள்ளினேன்.